ஒரு வரி விட்டு ஒரு வரி

இல்ல அண்ணாச்சி, உங்க போன்ல கோளாறு இல்ல. ஸ்பீக்கரும் நல்லாத்தான் இருக்கு. அந்த ஆளு வாயைத் தொறக்குறதுக்கு முன்னாடியே பேச்சு வந்துருது பாத்தீங்களா, அது அந்த வீடியோவை வெட்டி ஒட்டுனவன் பண்ணுன வேலை. குடுங்க. இப்படி நிறுத்திட்டு மறுபடி ஓட விட்டா கொஞ்ச நேரம் ஒழுங்கா வரும். அப்புறம் திரும்ப விலகும். அதுக்கு மேல இங்க உக்காந்து ஒண்ணும் செய்ய முடியாது.

எப்படித் தெரியும்னா, பதினோரு வருஷமா அதான பொழப்பு. பொழப்புன்னும் சொல்லக் கூடாது. பொழப்பு வேற. விருதுநகர் பக்கத்துல ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல கம்ப்யூட்டர் லேப் பாத்துக்கிறேன். இது அது போக. தவசிராஜன்னு பேரு. நீங்க கோவில்பட்டியா? சரி சரி. நான் உங்களுக்கு முன்னாடியே இறங்கிருவேன்.

படம் ஓட்டுற செயலி ஆயிரம் இருக்கு அண்ணாச்சி. வெட்டுறதுக்கு ஒண்ணு, ஒட்டுறதுக்கு ஒண்ணு, எழுத்துப் போடுறதுக்கு ஒண்ணு. மேல பேரு மாறும், கலரு மாறும். முக்காவாசிக்கு அடியில ஓடுற மோட்டார் ஒண்ணுதான். அந்த மோட்டாரை யாரும் விக்கிறதில்ல. யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம், பிரிச்சுப் பாக்கலாம், ரிப்பேர் பண்ணலாம். ஒருத்தரை ஒருத்தர் நேர்ல பாக்காத ஆளுங்க சேந்து செஞ்சது. அதுல கீழ எழுத்து ஓடும்ல, சப்டைட்டில், அந்தப் பகுதி என் பொறுப்பு. யாரும் கூப்ட்டுக் குடுக்கல. முன்னாடி பாத்துக்கிட்டிருந்தவர் ஒரு ஜெர்மன்காரர். ஒரு நாள், இனி என்னால ஆகாதுன்னு ரெண்டு வரி எழுதிப் போட்டுட்டுப் போயிட்டாரு. நான் அதுக்கு முந்தின வாரம்தான் சின்னதா ஒண்ணு சரி பண்ணி அனுப்பியிருந்தேன். மத்தவங்க எல்லாம் என்னைப் பாத்தாங்க. பாத்தாங்கன்னா எழுத்துலதான்.

அன்னைலருந்து ஆரம்பிச்சது. காலேஜ் மணி அடிச்சு பிள்ளைங்க போனதும் லேப்லயே ரெண்டு மணி நேரம் உக்காருவேன். ஞாயித்துக்கிழமை வீட்ல. உலகம் பூரா இருந்து எழுதுவாங்க. அது வரல, இது வரல, எழுத்து கோணலா வருது, எழுத்து சீக்கிரம் வருது. யாரும் வணக்கம்னு ஆரம்பிக்க மாட்டாங்க. ஒருத்தன், உனக்கெல்லாம் வெக்கமே கிடையாதான்னு எழுதினான். அவன் பூனை வீடியோவுக்கு எழுத்து வரலையாம், அதுக்கு. நான் பதில் எழுதினேன். "உங்கள் புகாருக்கு நன்றி"ன்னு ஆரம்பிச்சுத்தான் எழுதினேன். என் குணம் அது. யார் சொன்னாலும் பொறுமையாக் கேப்பேன்.

வீட்ல வடிவு அதை ஒத்துக்க மாட்டா. என் சம்சாரம், சண்முகவடிவு. "கண்ணுக்குத் தெரியாதவனுக்கெல்லாம் நன்றி சொல்றீங்க, நான் சொன்னா ம்ங்குறீங்க"ம்பா. போன தையில கிரைண்டர்ல ஏதோ சத்தம் வருதுன்னா. நான் போட்டுப் பாத்தேன், வரல. வரலையேன்னேன். மறுபடி ரெண்டு நாள் கழிச்சு சொன்னா. போட்டுப் பாத்தேன், வரல. எனக்கு வரலையே வடிவுன்னேன். அதுக்கு ஒரு வாரம் பேசல. என்ன செய்ய? இல்லாத சத்தத்தை இருக்குன்னு சொல்ல முடியுமா? அப்புறம் அது பெல்ட் அந்து போச்சு, அது வேற விஷயம்.

நான் சொல்ல வந்தது அது இல்ல. திண்டுக்கல்ல ஏறினேன்ல, அங்க ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்ட்டு வர்றேன். வத்தலகுண்டு போற ரோட்டுல. காது கேக்காத பிள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடம்.

போன நவம்பர்ல ஒரு புகார் வந்துச்சு. அமல் ஓன்னு பேரு. அரபுக்காரனா அயர்லாந்துக்காரனான்னு தெரியல. இங்கிலீஷ் ஒரு மாதிரி. "சாஃப்ட்வேர் ஈஸ் ஸ்வாலோயிங் ஒன் ஒன் சென்டன்ஸ்"னு எழுதியிருந்துச்சு. சாஃப்ட்வேர் ஒவ்வொரு வாக்கியமா முழுங்குதாம். கீழ, "கைண்ட்லி டூ த நீட்ஃபுல்". நான் என்கிட்ட இருக்குற வீடியோவை எல்லாம் ஓட்டிப் பாத்தேன். ஒரு எழுத்துகூட முழுங்கல. இங்கிலீஷ்ல எழுதினேன், "உங்கள் புகாருக்கு நன்றி. நீங்கள் சொல்லும் கோளாறு எங்களிடம் நிகழவில்லை. சாம்பிள் வீடியோவை இணைக்கவும்"னு.

ரெண்டு நாள் கழிச்சுப் பதில் வந்துச்சு. வீடியோவுல குழந்தைங்க முகம் இருக்கு, பொதுவுல போட அனுமதி இல்லைன்னு.

இந்த இடத்துல நீங்க என் நிலைமையைப் புரிஞ்சுக்கணும் அண்ணாச்சி. நானூறு புகார் தொறந்தபடி கெடக்கு. எல்லாத்தையும் சரி பண்ணணும்னா மூணு ஆயுசு வேணும். அதனால ஒரு விதி வச்சேன். சாம்பிள் இல்லையா, கோளாறு இல்ல. நானே வச்ச விதிதான், அதுக்காக மீற முடியுமா? மூடிட்டேன். மூடுறதுன்னா ஒரு பட்டன். அமுக்கினா புகார் மேல சிவப்பா ஒரு பட்டை விழும். அதுக்கு மேல யாரும் பாக்க மாட்டாங்க.

டிசம்பர்ல மறுபடி அதே ஆளு. ஒரு வரி விட்டு ஒரு வரி காணோம்னு. ஓ, கொஞ்சம் தெளிவா எழுதப் பழகிட்டான்னு நெனச்சேன். சாம்பிள்? இல்ல. மூடிட்டேன். பிப்ரவரியில மூணாவது தடவ. இந்தத் தடவ நீளமா வந்திருந்துச்சு. காலேஜ்ல அப்போ செய்முறைத் தேர்வு, லேப்ல நிக்க இடமில்ல. முத நாலு வரி பாத்தேன், அதே கதை. மூடிட்டேன்.

மார்ச் கடைசியில லென்காகிட்டருந்து ஒரு மெயில். லென்கா செக் நாட்டுக்காரம்மா. எங்க கூட்டத்துல சத்தம் சம்பந்தமான பகுதியை அவங்க பாத்துக்குறாங்க. ரெண்டு பிள்ளைங்க, வீட்ல வயசான அப்பா, அதுக்கு நடுவுல இதையும் பாக்குறாங்க. நேர்ல பாத்ததில்ல. ஆனா எங்க வீட்டு ஆளு மாதிரி. அவங்க எழுதியிருந்தது ரெண்டே வரி. "தவசி, நீ மூணு தடவ மூடின புகாரை நான் இன்னைக்கு முழுசா படிச்சேன். கடைசியில இருக்குற எழுத்து, நீ ஒரு தடவ உன் பேரை எழுதிக் காட்டினியே, அந்த எழுத்து மாதிரி இருக்கு."

போய்ப் பாத்தேன். இறங்கி, இறங்கி, கீழ. தமிழ் அண்ணாச்சி. வீடியோவைப் போட முடியாதுன்னு, அதுல வர்ற எழுத்தை மட்டும், எத்தனாவது செகண்டுல எந்த வரின்னு நேரத்தோட, ஒண்ணு விடாம டைப் அடிச்சு ஒட்டியிருக்கு. பத்தாம் வகுப்பு அறிவியல். "பொருளின் பிம்பம் விழித்திரையில் தலைகீழாக விழுகிறது." அடுத்த வரி, "மூளை அதை நேராக மாற்றி உணர்கிறது." அந்த ரெண்டாவது வரிக்குப் பக்கத்துல மட்டும் இங்கிலீஷ்ல, திஸ் ஒன் நாட் கமிங்.

கைண்ட்லி டூ த நீட்ஃபுல்னு இந்த உலகத்துல வேற யாரு எழுதுவா? நம்ம தாலுகா ஆபீஸ் மனுவுல எழுதுற இங்கிலீஷ் அது. எனக்கு மண்டையில ஏறல பாருங்க.

அந்த எழுத்தை எடுத்து ஓட விட்டேன். ஒரு வரி வருது, அடுத்தது இல்ல. ஒரு வரி வருது, அடுத்தது இல்ல. அப்படியே கண்ணுக்கு முன்னால.

கோளாறு எங்கன்னு தேட அரை மணி நேரம்கூட ஆகல. நான் எழுதின இடம்தான். மூணு வருஷம் முன்னாடி ஒரு பெரிய வெளிநாட்டுக் கம்பெனி, பேரு வேண்டாம், அவங்க எழுதியிருந்தாங்க, ஒரு வரி மேல இன்னொரு வரி ஏறுது, அவசரம்னு. நான் ரெண்டு நாள் லீவு போட்டு உக்காந்து செஞ்சு குடுத்தேன். முந்தின வரி முடியிறதுக்கு முன்னாடியே அடுத்த வரி தொடங்குனா, அதை விட்ருன்னு. ஆனா எழுதும்போது, முன்னாடியோ அல்லது அதே நேரத்துலயோ தொடங்குனா விட்ருன்னு எழுதிட்டேன். ஒரு சமக்குறி. ரெண்டு சின்னக் கோடு. வெளிநாட்டுக்காரங்க ஒரு வரிக்கும் அடுத்ததுக்கும் நடுவுல கொஞ்சம் இடைவெளி விடுவாங்க, அதனால அவங்களுக்குத் தெரியல. இவங்க விடல. ஒண்ணு முடியிற நொடியில அடுத்தது தொடங்குது. முழுங்கிருச்சு.

வேற யாரும் சொல்லலையான்னு கேக்க வர்றீங்க. சொல்லியிருக்காங்க. பின்னாடி தேடிப் பாத்தேன். ஏழு பேரு. எல்லாத்தையும் சாம்பிள் இல்லைன்னு மூடியிருக்கேன். விதின்னு ஒண்ணு இருந்தா எல்லாருக்கும் ஒரே மாதிரிதான இருக்கணும். அந்த விஷயத்துல நான் பாரபட்சம் பாத்தது கிடையாது.

அன்னைக்கே சரி பண்ணிட்டேன். சமக்குறியை எடுத்தேன், மறுபடி முழுங்குதான்னு பாக்க ஒரு பரிசோதனை எழுதினேன், லென்கா பாத்து சரின்னாங்க. அப்புறம் அந்த அமலுக்குத் தமிழ்ல ஒரு மெயில் போட்டேன். "அன்புடையீர், கோளாறு கண்டறியப்பட்டு நீக்கப்பட்டது"ன்னு. ஒரு மணி நேரத்துல பதில். "ஐயா, நீங்கள் தமிழரா? தவாசி என்று படித்து, ஜப்பானியர் என்று நினைத்திருந்தோம். என் பெயர் அமலோற்பவம். காது கேளாதோர் பள்ளியில் ஆசிரியை. சரி செய்தது எப்போது எங்கள் கைக்கு வரும்?"

அதுலதான் அடுத்த சங்கடம். நான் இன்னைக்கு சரி பண்ணினா நாளைக்கே கைக்கு வராது அண்ணாச்சி. எங்களுக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவதான் புது வெர்ஷன். அடுத்தது ஜூன். பத்தாம் வகுப்புப் பரிட்சை தொடங்கி ரெண்டு நாள் ஆகியிருந்துச்சு. ஜூனில் வரும்னு எழுதினேன். "நன்றி ஐயா"ன்னு ஒரு வரி வந்துச்சு. அவ்வளவுதான். நான்தான் என்னமோ கொஞ்சம் பெருசா எதிர்பாத்துட்டேன் போல.

உள்ளதைச் சொன்னா, அந்த மாசத்துலருந்து எனக்கு அலுத்துப் போச்சு. கம்ப்யூட்டரைத் தொறந்தாலே தோள்பட்டையில ஒரு வலி. மூணு வாரம் எதையும் தொடாம விட்டுப் பாத்தேன். புகார் அறுபது கூடிருச்சு. போன செவ்வாய்க்கிழமை லென்காவுக்கு ஒரு மெயில் டைப் அடிச்சு வச்சேன். இனி என்னால ஆகாதுன்னு. எழுதி முடிச்சுப் பாத்தா அதுவும் ரெண்டு வரிதான் வருது. அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு ஆசை. பதினோரு வருஷத்துல இந்தச் சாமானால பலன் அடைஞ்ச ஒரு முகத்தை நான் நேர்ல பாத்ததில்ல. ஒரே ஒரு தடவ பாத்துட்டு, அப்புறம் விட்றலாம். டீச்சருக்கு எழுதினேன். வாங்கன்னாங்க. சாத்தூர் சேவு ரெண்டு கிலோ வாங்கிக்கிட்டு இன்னைக்குக் காலையில போனேன்.

அமலோற்பவம் டீச்சருக்கு ஐம்பது வயசு இருக்கும். ஒல்லியா, கண்ணாடி போட்டு, சேலை முந்தானையில ஒரு பென்டிரைவ் ஊக்குல மாட்டியிருந்துச்சு. ஆபீஸ் ரூம்ல உக்கார வச்சு டீ குடுத்தாங்க.

"உங்க இங்கிலீஷ் அவ்வளவு சுத்தமா இருந்துச்சு சார், அதான் வெளிநாட்டு ஆளுன்னே நெனச்சுட்டோம்"னாங்க.

நான் அவங்களுக்கு நிலைமையை விளக்கினேன். நானூறு புகார், சாம்பிள் விதி, செய்முறைத் தேர்வு எல்லாம். பொறுமையாக் கேட்டாங்க.

"ஆமா சார், விதின்னு ஒண்ணு இருக்கும்ல"ன்னாங்க. நல்லாப் புரிஞ்சுக்கிட்டாங்க. படிச்சவங்க பாருங்க.

நானும் ஒண்ணு கேட்டேன். டீச்சர், நீங்கதான் வீடியோவுல கையால பாடம் நடத்துறீங்களே, அப்புறம் கீழ எழுத்து எதுக்குன்னு. அதுக்கு அவங்க சொன்னாங்க, "கையில புரிஞ்சுரும் சார். ஆனா பரிட்சையில தமிழ்லதான எழுதணும். எங்க பிள்ளைங்களுக்குத் தமிழ் காதுல விழுந்து வந்த பாஷை இல்ல. கண்ணால பாத்துப் பாத்து மனசுல பதிய வைக்கணும். ஒரு வாக்கியம் எப்படி ஆரம்பிச்சு எப்படி முடியுதுன்னு அந்த எழுத்துதான் அதுங்களுக்குக் காட்டும்." நான் பதினோரு வருஷமா எழுத்தை ஓட்டுறேன் அண்ணாச்சி, இப்படி ஒரு வேலை அதுக்கு இருக்குன்னு எனக்குத் தெரியாது.

விட்டுப்போன வரிகளை டீச்சரே கண்டுபிடிச்சு, பதினாலு பாடத்துக்கும் கையால எழுதி, ஜெராக்ஸ் போட்டு வகுப்புல குடுத்திருக்காங்க. எட்டுப் பிள்ளைங்க. ஏழு பேரு பாஸ். ஒரு பொண்ணு மட்டும் அறிவியல்ல போயிருச்சு. நாகஜோதின்னு பேரு. ஜெராக்ஸ் குடுத்த சமயம் அந்தப் பொண்ணுக்கு அம்மை போட்டு, மூணு வாரம் ஊர்ல இருந்திருக்கு. வீட்ல அண்ணன் போன்ல வீடியோவை மட்டும் பாத்துப் படிச்சிருக்கு. பரிட்சையில கண்ணைப் பத்திக் கேட்ட கேள்விக்கு, மனிதர்கள் உலகத்தைத் தலைகீழாகப் பார்க்கிறார்கள்னு எழுதினதா, வெளிய வந்ததும் டீச்சர்கிட்ட சொல்லியிருக்கு.

"ஒரு வரியால யாராவது ஃபெயில் ஆவாங்களா டீச்சர்?"னு கேட்டேன். தப்பா ஒண்ணும் கேக்கல.

"ஒரு வரி இல்ல சார். பதினாலு பாடத்துல பாதி"ன்னாங்க.

அம்மை போட்டதுக்கு நான் என்ன செய்ய முடியும்? ஆனா அதை அங்க சொல்லல.

அப்புறம் வகுப்புக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பாஸ் பண்ணுன பிள்ளைங்களும் நான் வர்றேன்னு வந்திருந்தாங்க. எட்டுப் பேரும் எந்திரிச்சாங்க. எந்திரிச்சு ரெண்டு கையையும் இப்படி அகலமா விரிச்சு, ஜன்னல் கதவு ரெண்டையும் சாத்துற மாதிரி கொண்டாந்து ஒண்ணா சேத்தாங்க. வணக்கம் சொல்றாங்கன்னு நெனச்சேன். நம்ம வணக்கத்தையே கொஞ்சம் பெருசா. நானும் அதே மாதிரி செஞ்சேன். உடனே சிரிப்பு. சத்தம் இல்லாத சிரிப்புன்னு நெனச்சுக்காதீங்க, நல்ல சத்தமான சிரிப்பு. டீச்சரும் குனிஞ்சுக்கிட்டாங்க.

"என்ன டீச்சர்?"

"ஒண்ணுமில்ல சார். அது உங்க பேரு. பிள்ளைங்க எல்லாருக்கும் கையில ஒரு பேரு வைப்பாங்க. எனக்குக் கண்ணாடி. ஹெட்மாஸ்டருக்கு வழுக்கை. உங்களுக்கு நவம்பர்லயே வச்சுட்டாங்க."

எனக்குச் சந்தோசமா இருந்துச்சு அண்ணாச்சி. நாம பாக்காத இடத்துல நமக்கு ஒரு பேரு. என்ன அர்த்தம்னு கேட்டேன். டீச்சர் மேசை மேல இருந்த சாக்பீஸை நகத்தால கீறிக்கிட்டே நின்னாங்க. அதுக்குள்ள ஒரு பொண்ணு எந்திரிச்சுப் போச்சு. ரெட்டைச் சடை, கன்னத்துல அம்மைத் தழும்பு இன்னும் மறையல. போர்டுல எழுதுச்சு. "மூடியாச்சு."

அதான் நாகஜோதி. டீச்சர் ஒவ்வொரு தடவையும் என் பதிலைப் படிச்சுப் பிள்ளைங்களுக்குக் காட்டியிருக்காங்க. மூடியாச்சு, மூடியாச்சு, மூடியாச்சு.

நான் விளக்கினேன். மூடுறதுன்னா கதவைச் சாத்துறது இல்ல, அது ஒரு நிலைமைக்குப் பேரு, அதை மறுபடி தொறக்கவும் முடியும், உலகம் பூரா அந்த வார்த்தையைத்தான் எழுதுறாங்கன்னு. டீச்சர் என் பேச்சைக் கையால சொல்லிக்கிட்டே வந்தாங்க. பாதியில கை நின்னு போச்சு. "சார், கொஞ்சம் சுருக்கமா சொல்லுங்க"ன்னாங்க.

அதுக்குள்ள அந்தப் பொண்ணு கையால ஏதோ கேட்டுச்சு. டீச்சர் சொன்னாங்க, "எங்களிடம் நிகழவில்லைன்னு எழுதியிருந்தீங்களாம். அப்படின்னா என்னன்னு கேக்குறா."

"நீங்க சொன்ன கோளாறு எனக்கு நடக்கலன்னு அர்த்தம்மா"ன்னேன்.

பொண்ணு டீச்சர் கையைப் பாத்துச்சு. அப்புறம் என்னைப் பாத்து ரொம்பச் சின்னதா ஒரு அசைவு. டீச்சர் சொல்றதுக்கு முன்னாடியே எனக்குப் புரிஞ்ச மாதிரி இருந்துச்சு.

"எங்களுக்கு நடந்துச்சேங்குறா சார்."

அதுக்கு டெக்னிக்கலா ஒரு பதில் இருக்கு. வாய்ல வந்துருச்சு. ஆனா அந்தப் பொண்ணு நக்கலா கேக்கல, கோவமாவும் கேக்கல. நெஜமாவே தெரியாம, தெரிஞ்சுக்கணும்னு கேக்குது. ஒருத்தருக்கு நடந்தது இன்னொருத்தருக்கு நடக்கலன்னா அதை எப்படி மூட முடியும்னு. டீச்சர் கை நான் சொல்றதுக்காகக் காத்துக்கிட்டிருந்துச்சு.

"தப்பு என்னோடதுதான்னு சொல்லுங்க டீச்சர்"னேன்.

அதுக்கு ஒரு அசைவுதான். ரொம்பச் சின்னது. நான் எவ்வளவோ பேசினேன், அதுதான் சீக்கிரம் முடிஞ்சுது.

அப்புறம் புது வெர்ஷன்ல அந்தக் கண் பாடத்தைப் போட்டுக் காட்டினாங்க. எல்லா வரியும் வருது. ஒண்ணுகூட விடல. நான் எழுத்தை மட்டும்தான் பாத்துக்கிட்டிருந்தேன். மூளை அதை நேராக மாற்றி உணர்கிறதுன்னு வந்துச்சு. திரும்பிப் பாத்தா நாகஜோதி திரையைப் பாக்கல. அது அந்தப் பாடத்தை இதுக்குள்ள நாப்பது தடவ பாத்திருக்கும். துணைத்தேர்வு எழுதியாச்சாம், முடிவு இன்னும் வரல. அது ஒரு நோட்டுல ஏதோ எழுதிக்கிட்டிருந்துச்சு.

டீச்சர் வழியா நான் ஒண்ணு கேட்டேன். கோளாறைத்தான் சரி பண்ணியாச்சே, பேரை மாத்தலாமான்னு. பிள்ளைங்க எட்டும் ஒண்ணா திரும்பி உக்காந்து பேச ஆரம்பிச்சுதுங்க. கை பறக்குது. ஒருத்தர் சொல்றதை ஒருத்தர் தடுக்குறாங்க, மேசையைத் தட்டிக் கூப்புடுறாங்க, சண்டை போடுறாங்க. அஞ்சு நிமிஷம் இருக்கும். என்னைப் பத்தித்தான் பேச்சு, எனக்கு ஒண்ணும் புரியல. டீச்சரும் அதுல கலந்துக்கிட்டாங்க, எனக்குச் சொல்றதை விட்டுட்டாங்க. நான் சேவுப் பொட்டலத்தைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். அவ்வளவு பெரிய மனுசன் நான், அந்த ரூம்ல எனக்கு மட்டும்தான் ஒரு வரியும் வரல.

கடைசியில டீச்சர் சொன்னாங்க, "மாத்த முடியாதாம் சார். எல்லாருக்கும் கைப்பழக்கம் ஆயிருச்சாம். அந்தப் பேருக்குப் பொருத்தமா இன்னொரு ஆளு வந்தா பாத்துக்கலாம்ங்குறாங்க."

பேசிட்டு நாகஜோதி அந்த நோட்டுப் பக்கத்தைக் கிழிச்சு என்கிட்ட நீட்டுச்சு. இந்தாங்க, சட்டைப் பையிலதான் வச்சிருக்கேன். பாருங்க. ஒம்பது கோளாறு. போன்ல எழுத்து ரெண்டாவது வரியில வெட்டுப்படுது. கேள்விக்குறி வரியோட கடைசியில வராம முன்னாடி வருது. வீடியோவை நிறுத்தி ஓட்டினா எழுத்து அரை செகண்டு பிந்துது. எல்லாத்துக்கும் சாம்பிள் எடுத்து வச்சிருக்காங்க அண்ணாச்சி. பிள்ளைங்க முகம் இல்லாம, வகுப்புச் சுவத்தை மட்டும் காட்டி எடுத்து, கீழ எழுத்தைப் போட்டு. டீச்சர் முந்தானையில மாட்டியிருந்த பென்டிரைவ் அதுக்குத்தான். இனி சாம்பிள் இல்லன்னு நான் சொல்ல முடியாது.

நன்றி வாங்கிட்டு விட்றலாம்னு போன ஆளு நான். யாரும் நன்றின்னு சொல்லல. சேவு நல்லாருக்குன்னாங்க. அந்த மெயில் இன்னும் அப்படியே கெடக்கு, லென்காவுக்கு அனுப்பல. அனுப்புவேனா மாட்டேனான்னு எனக்கே தெரியல. முதுகு வலிக்குது. ஒம்பதுல ரெண்டு சுலபம். அந்தக் கேள்விக்குறி விவகாரம் இருக்கே, அது ஜெர்மன்காரர் காலத்துலருந்து இருக்கு, அதைத் தொட்டா பத்து இடம் அவிழும்.

திருமங்கலம் தாண்டிட்டோமா? சரி, இன்னும் நேரமிருக்கு.

கிளம்பும்போது கேட் வரைக்கும் எட்டுப் பேரும் வந்தாங்க. ஆட்டோவுல ஏறப் போனேன், எல்லாரும் ஒண்ணா அந்தப் பேரைச் சொன்னாங்க. கையை விரிச்சு, சேத்து. போய்ட்டு வாங்கன்னு சொல்றாங்களா, சும்மா கூப்புடுறாங்களா, தெரியல. நானும் பதிலுக்குச் செஞ்சேன். நாகஜோதி தலையை ஆட்டிட்டு விறுவிறுன்னு கிட்ட வந்துச்சு. நான் செய்யிறது தப்பாம். என் ரெண்டு மணிக்கட்டையும் பிடிச்சு அகலமா விரிச்சு விட்டுச்சு. விரலை நேரா நீட்டி வச்சுச்சு. அப்புறம் தன் கையால செஞ்சு காட்டுச்சு, பட்டுன்னு. நான் செஞ்சேன். இல்லன்னு தலையாட்டுச்சு. டீச்சர் கேட்டுக்கிட்ட நின்னு சொன்னாங்க, "பூப்போல சேக்குறீங்களாம் சார். அது வணக்கமாம். உங்க பேருக்கு ஓங்கி அடிக்கணுமாம், சத்தம் வரணுமாம்."

அவங்க யாருக்கும் கேக்காது. ஆனாலும் சத்தம் வரணுமாம் அண்ணாச்சி. ரோட்டுல நின்னு ரெண்டு தடவ ஓங்கி அடிச்சேன். உள்ளங்கை எரிஞ்சுச்சு. ரெண்டாவது தடவைக்குத்தான் அந்தப் பொண்ணு சரின்னு தலையாட்டிட்டு உள்ள போச்சு.